முன்நின்றவர் விலகிய பின்: ஜெனிசிஸ் குழுவின் 1976-ஆம் ஆண்டு இசைத்தட்டு

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் இசை வார ஏடான 'மெலடி மேக்கர்' ஒரு வினாவைத் தலைப்பாக இட்டு வெளிவந்தது. ஜெனிசிஸ் குழுவிலிருந்து பாடகர் பீட்டர் கேப்ரியல் வெளியேறிவிட்டாரா என்பதே அவ்வினா. விடை குழுவினருக்கு முன்பே தெரியும். ஏறத்தாழ ஒன்பது மாதங்களாக அவர்கள் அதனை வெளியில் சொல்லாமல் காத்து வந்தனர். செய்தி உறுதியானதும் குழுவின் முடிவுரையை எழுதப் பலரும் முற்பட்டனர். முகமூடி அணிந்து மேடையில் கதை சொன்னவர், பாடியவர், பாடல்களைப் புனைந்தவர் என்றெல்லாம் உலகம் அறிந்த ஒருவர் போய்விட்டால் எஞ்சுவது என்ன? வாத்தியக்காரர் நால்வர். அவர்கள் வேறொரு பாடகரைத் தேடிக்கொள்ளக்கூடும். ஆனால் அது ஜெனிசிஸ் ஆகுமா என்று கேட்டவர்கள் மிகப் பலர்.

ஆறு மாதங்கள் கழித்து, 1976 பிப்ரவரியில், அந்நால்வரும் 'எ ட்ரிக் ஆஃப் தி டெயில்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். 'வாலின் தந்திரம்' என அதனைத் தமிழில் சொல்லலாம். அதில் பாடியவர் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். அதுவரை எல்லோருக்கும் பின்னால் அமர்ந்து டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸே பாடினார். இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அத்தட்டு மூன்றாம் இடம் பெற்றது. இவ்வெற்றியைத் தனியொருவரின் துணிவுக் கதையாகச் சொல்வதே வழக்கம். அக்கதைக்குள் இன்னொரு கதையும் உண்டு. ஒரு கூட்டுப் படைப்பின் குரல் யாருடையது, அதன் கையொப்பத்தை யார் இடுவது என்னும் கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. கூடிப் பேசி, கூடி வாசித்து, தனித்து எழுதுவோருக்கு அக்கேள்வி அந்நியமானதன்று.

பள்ளியிலிருந்து மேடைக்கு

ஜெனிசிஸ் இயங்கிய இசைவகையைப் 'புரோகிரசிவ் ராக்' என்பர். 'முற்போக்கு' என்று அதனை நேராகப் பெயர்த்தால் தமிழ் இலக்கிய உலகில் அச்சொல் பெற்றுள்ள அரசியல் பொருள் குறுக்கே நிற்கும். இங்கே அது வடிவத்தைப் பற்றியது. மூன்று நிமிடக் காதற்பாட்டு என்னும் எல்லையை உடைத்து, ஐரோப்பியச் செவ்வியல் இசையின் நெடிய கட்டமைப்பையும் ஜாஸ் இசையின் சிக்கலான தாளங்களையும் ராக் இசைக்குள் கொண்டுவந்த முயற்சி அது. 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் வேர்விட்டு 1970-களின் முற்பகுதியில் செழித்தது. கிங் கிரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல் முதலிய குழுக்கள் ஜெனிசிஸ் குழுவின் சமகாலத்தவை.

சர்ரே வட்டாரத்தில் உள்ள சார்ட்டர்ஹவுஸ் என்னும் பழம்பெரும் பள்ளியில் பயின்ற மாணவர்களால் 1967-இல் இக்குழு தோன்றியது. பீட்டர் கேப்ரியல், கீபோர்டு வாசித்த டோனி பேங்க்ஸ், கிட்டார் வாசித்த மைக் ரதர்ஃபோர்ட், ஆண்டனி ஃபிலிப்ஸ் ஆகிய நால்வருமே அதன் கரு. தொடக்கத்தில் அவர்கள் தம்மைப் பாடல் இயற்றுவோராகவே கருதினர். மேடையேறுவது பின்னர் வந்த எண்ணம். இயற்றுவோர் பலர் ஒருங்கே அமர்ந்த குழு இது என்பது பின்னால் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாத செய்தி.

உறுப்பினர் மாறுவதும் இக்குழுவுக்குப் புதிதன்று. உடல்நலக் குறைவும் மேடை அச்சமும் காரணமாக ஃபிலிப்ஸ் 1970-இல் விலகினார். தொடக்ககாலப் பாடல்களின் உயிர்நாடியாக இருந்தவர் அவர். அப்போதே குழுவைக் கலைத்துவிட மற்றவர்கள் எண்ணியதுண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில், மெலடி மேக்கரில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பத்தொன்பது வயது காலின்ஸ் வந்து சேர்ந்தார். குழுவின் நான்காவது டிரம்ஸ் கலைஞர் அவர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், அதே ஏட்டில் தாமே விளம்பரம் கொடுத்திருந்த கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹேக்கெட் இணைந்தார். இவ்வாறு ஐவர் கொண்ட அணி அமைந்தது. காலின்ஸ் சார்ட்டர்ஹவுஸ் மாணவர் அல்லர். நாடகப் பள்ளியில் பயின்றவர். 1964-இல் லண்டன் மேடையில் 'ஆலிவர்' இசைநாடகத்தில் கைதேர்ந்த சிறுவன் திருடனாக நடித்தவர். அந்தச் சிறுவனின் நடிப்புப் பயிற்சி பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் குழுவுக்குக் கைகொடுக்கும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

பொதுக் கையொப்பம்

இக்குழுவில் ஒரு மரபு இருந்தது. இசைத்தட்டில் உள்ள பாடல்கள் அனைத்தும் அனைவராலும் இயற்றப்பட்டவை என்றே அச்சிடுவர். மெட்டை ஒருவர் கொணர்ந்திருக்கலாம். சொற்களை இருவர் எழுதியிருக்கலாம். ஒரு பகுதியை எல்லோரும் சேர்ந்து வாசித்துக் கண்டடைந்திருக்கலாம். உறையின் மேல் அவை யாவும் ஒன்றே. பணத்திலும் புகழிலும் சமத்துவம் காக்கும் ஏற்பாடு அது; நல்லெண்ணத்தில் பிறந்ததுதான்.

ஆனால் பொதுக் கையொப்பத்துக்கு ஓர் இயல்பு உண்டு. யார் எழுதியது என்று தாள் சொல்லாதபோது, யார் சொல்வதாகக் கண் காண்கிறதோ அவரே எழுதியவர் என்று உலகம் முடிவு செய்துகொள்கிறது. மேடையில் மற்றவர்கள் பன்னிரண்டு தந்திக் கிட்டார்களுக்குச் சுருதி சேர்க்க நேரம் எடுத்துக்கொள்வர். அந்த மௌனத்தை நிரப்பக் கேப்ரியல் விசித்திரக் கதைகள் சொல்லத் தொடங்கினார். 1972-இல் டப்ளின் நகர மேடையில் தம் மனைவியின் சிவப்பு உடையை அணிந்து, தலையில் நரித்தலையைப் பொருத்திக்கொண்டு அவர் தோன்றினார். உடன் இருந்தவர்களுக்கே அது முன்னறிவிப்பின்றி நிகழ்ந்தது. பத்திரிகைகள் அந்தப் படத்தை விரும்பின. அதன்பின் ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு வேடம் வந்தது. மலர் முகமூடியும், முதியவர் முகமூடியும், தலையின் இருபுறமும் வௌவால் சிறகுகளும் குழுவின் அடையாளங்களாயின.

வௌவால் சிறகுகளோடு அவர் பாடிய 'வாச்சர் ஆஃப் தி ஸ்கைஸ்' இதற்கு ஏற்ற சான்று. 1972-ஆம் ஆண்டின் 'ஃபாக்ஸ்ட்ராட்' தட்டில் இடம்பெற்ற பாடல் அது. மனிதர் அற்றுப்போன பூமியை வெளியிலிருந்து வந்த ஒருவன் காண்பதாக அமைந்தது. மேடையில் அதனைக் கண்டவர்கள் கேப்ரியலின் கற்பனை என்றே கொண்டனர். உண்மையில் அதன் சொற்களை எழுதியவர்கள் பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஆளரவமற்ற விமானத் திடல் ஒன்றைப் பார்த்தபோது எழுந்த எண்ணம் அது. வேடம் கேப்ரியலுடையது, பாடல் அவருடையதன்று. இப்படி எத்தனையோ பாடல்களின் பிறப்பு பொதுக் கையொப்பத்துக்குள் மறைந்து கிடந்தது.

இதனால் கேப்ரியலின் பங்கு குறைந்ததாகக் கருதுவது தவறு. அவருடைய எள்ளல், ஆங்கில வாழ்வின் மீதான கூரிய பார்வை, சொல் விளையாட்டு, ஒரே பாட்டில் பல பாத்திரங்களாக மாறும் குரல் ஆகியவை மற்றவர்களிடம் இல்லாதவை. கேட்போர் கண்டது பொய்யன்று, முழுமையும் அன்று.

பிரிவின் வழி

1974 நவம்பரில் வெளிவந்த 'தி லாம்ப் லைஸ் டௌன் ஆன் பிராட்வே' என்னும் இரட்டை இசைத்தட்டு இந்த ஏற்பாட்டை உடைத்தது. நியூயார்க் தெருவில் திரியும் ரயேல் என்னும் இளைஞனின் கனவுப் பயணம் அதன் கதை. ஒரே கதை என்பதால் சொற்கள் அனைத்தையும் தாமே எழுதவேண்டும் என்று கேப்ரியல் வற்புறுத்தினார். ஒரு நாவலைப் பலர் எழுதுவதில்லை என்பது அவர் வாதம். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய வீட்டில் நால்வரும் ஓர் அறையில் இசையைப் புனைந்தனர். அவர் வேறோர் அறையில் தனித்திருந்து சொற்களைப் புனைந்தார். ஒரு பாடலின் வரிகளை மட்டும் மற்றவர்கள் எழுதினர். ஒரே வீட்டில் இசையும் சொல்லும் தனித்தனி அறைகளில் குடியேறியது அப்போதுதான்.

அதே வேளையில் வேறு இரண்டு நிகழ்ந்தன. திரைப்பட இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் கேப்ரியலின் கதை ஒன்றைப் படித்துவிட்டுத் தம்மோடு பணியாற்ற அழைத்தார். கேப்ரியல் சில காலம் குழுவை விட்டுச் சென்று திரும்பினார். அடுத்து, அவருடைய முதற்குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தை உயிருக்குப் போராடியது. மருத்துவமனைக்கும் ஒலிப்பதிவுக்கும் இடையே அவர் அலைந்த அந்த வாரங்களில், வேலையைக் குறித்தே கவலைப்பட்ட நண்பர்கள்மீது அவருக்கு மனக்கசப்பு உண்டாயிற்று. அன்று தாங்கள் நடந்துகொண்ட முறையில் பரிவு போதவில்லை என்று பிற்காலத்தில் அந்நண்பர்களே ஒப்புக்கொண்டிருக்கின்றனர்.

1974 நவம்பரில், அமெரிக்கப் பயணம் தொடங்கியிருந்த நாள்களில், கிளீவ்லாந்து நகரில் வைத்துத் தாம் விலகப்போவதாக அவர் தெரிவித்தார். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகள் எஞ்சியிருந்தன. போகப்போகிறவர் என்று தெரிந்தே, அவர் எழுதிய கதையை ஏறத்தாழ நூறு முறை மேடையில் வாசித்தனர் மற்ற நால்வரும். 1975 மே மாதம் பிரான்சின் பெசன்சோன் நகரில் அது முடிந்தது.

செய்தி கசிந்தபின் கேப்ரியல் பத்திரிகைகளுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். பாடல் இயற்றுவதற்காகக் கூட்டுறவாகத் தாங்கள் கட்டிய வண்டியே தங்களுக்கு எஜமானாகிவிட்டது என்றும், தாங்கள் வேண்டிய வெற்றிக்குள்ளேயே தங்களை அது அடைத்துவிட்டது என்றும் அதில் அவர் குறிப்பிட்டார். கூட்டாகப் பணிபுரியும் எந்த அமைப்பும் என்றேனும் ஒருநாள் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அம்மடலில் உண்டு.

நிலவறையில் நால்வர்

1975 கோடையில் மேற்கு லண்டனின் ஆக்டன் பகுதியில் ஒரு நிலவறையில் வேலை தொடங்கியது. முதல் சில நாள்கள் பேங்க்ஸ், ரதர்ஃபோர்ட், காலின்ஸ் ஆகிய மூவரே இருந்தனர். ஹேக்கெட் தம் முதல் தனி இசைத்தட்டை முடித்துக்கொண்டிருந்தார். அம்மூவரும் வாசிக்கத் தொடங்கியதுமே 'டான்ஸ் ஆன் எ வால்கேனோ' என்னும் பாடலின் இசை உருவாயிற்று. ஏழு எண்ணிக்கையில் நடக்கும் தாளம் அதற்கு. 'ஸ்குவாங்க்' என்னும் பாடலும் அந்நாள்களில் பிறந்ததே. இயற்ற முடியும் என்னும் நம்பிக்கை இவ்வாறு விரைவில் வந்துவிட்டது. எட்டாக் கனியாக இருந்தது குரல் ஒன்றுதான்.

குழுவின் பெயரைச் சொல்லாமல், ஜெனிசிஸ் போன்றதொரு குழுவுக்குப் பாடகர் தேவை என்று மெலடி மேக்கரில் விளம்பரம் வந்தது. ஏறத்தாழ நானூறு பேர் விண்ணப்பித்தனர். தேர்ந்தெடுத்துச் சிலரை வரவழைத்துப் பாடச் செய்தனர். பழைய பாடல்களை எப்படிப் பாடவேண்டும் என்று அவர்களுக்குப் பாடிக் காட்டியவர் காலின்ஸ். பின்னணிக் குரலாக எல்லாத் தட்டுகளிலும் ஒலித்தவர் அவரே. 1971-ஆம் ஆண்டின் 'நர்சரி கிரைம்' தட்டிலும் 1973-ஆம் ஆண்டின் 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' தட்டிலும் ஒவ்வொரு பாடலைத் தனித்தும் பாடியிருந்தார். வந்தவர்களைவிடச் சொல்லிக் கொடுத்தவரே நன்றாகப் பாடினார். ஆயினும் பாடகராகும் விருப்பம் அவருக்கு இல்லை. டிரம்ஸை விட்டு வர அவர் மனம் ஒப்பவில்லை. பாடகரே இல்லாமல் வாத்திய இசைக்குழுவாகத் தொடரலாம் என்றுகூட அவர் சொல்லிப் பார்த்தார், மற்றவர்கள் ஏற்கவில்லை.

அக்டோபரில் லண்டன் டிரைடென்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு தொடங்கியபோதும் பாடகர் கிடைத்திருக்கவில்லை. குழுவோடு சேர்ந்து தயாரிப்பாளராக இருந்தவர் டேவிட் ஹென்ட்ஷெல். இசை முழுவதும் பதிவாகிவிட்ட 'ஸ்குவாங்க்' பாடலுக்கு ஒருவரை அழைத்துப் பாடச் செய்தனர். பாட்டின் சுருதி அவர் குரலுக்குப் பொருந்தவில்லை. அவர் சென்றபின், தாம் ஒருமுறை முயன்று பார்ப்பதாகக் காலின்ஸ் ஒலிவாங்கியின் முன் நின்றார். அம்முயற்சி தேடலை முடித்து வைத்தது. பக்கவாத்தியமாக இருந்தவர் பாட்டுக்காரர் ஆனார்.

கேட்டவர்கள் பலருக்கு வியப்பளித்தது ஒன்று உண்டு. புதிய குரலில் பழைய குரலின் சாயல் இருந்தது. காலின்ஸ் கேப்ரியலைப் போலிசெய்தார் என்று சிலர் கூறினர். ஐந்தாண்டுகளாக இருவர் குரலும் இணைந்தே ஒலித்துவந்தன என்பதை அவர்கள் மறந்தனர். கேப்ரியலின் குரல் என்று கேட்போர் மனத்தில் பதிந்திருந்த ஒலியில் ஒரு பங்கு தொடக்கமுதலே காலின்ஸுடையது.

எட்டுப் பாடல்கள்

ஏறத்தாழ ஐம்பது நிமிடம் நீளும் இத்தட்டில் எட்டுப் பாடல்கள் உள்ளன. தொடர்கதை இல்லை. ஒவ்வொன்றும் தனி உலகம். பாடல்களில் வரும் பாத்திரங்களை எல்லாம் பழுப்புத் தாளில் வரைந்த பழங்காலச் சித்திரங்கள்போல் காட்டுகிறது உறை.

'ஸ்குவாங்க்' பென்சில்வேனியக் காடுகளின் நாட்டுப்புறக் கதையில் வரும் ஒரு விலங்கு. தன் உருவத்தின் அழகின்மைக்கு நாணி எப்போதும் அழுதுகொண்டிருப்பது. அதைப் பிடித்துச் சாக்கில் கட்டியவன் வீடு திரும்பும் வழியில் சுமை திடீரென இலேசாகிறது. திறந்து பார்த்தால் கண்ணீர் மட்டுமே இருக்கிறது. மரவெட்டிகளின் வாய்மொழிக் கதைகளைத் தொகுத்து 1910-இல் வெளிவந்த ஒரு நூலில் இக்கதை பதிவாகியுள்ளது. கையில் அகப்பட்டதாக நினைக்கும் கணத்தில் கரைந்துபோகும் உயிர் என்னும் இப்படிமத்தைக் கனத்த, மெதுவான தாளத்தின் மேல் ஏற்றிவைத்திருப்பது பாடலின் நயம். சொல் கரைகிறது, இசை கரைய மறுக்கிறது.

தலைப்புப் பாடலுக்கு ஊற்று வில்லியம் கோல்டிங் 1955-இல் எழுதிய 'தி இன்ஹெரிட்டர்ஸ்' நாவல். நியாண்டர்தால் மாந்தர் புதிய மனிதரை எதிர்கொண்டு அழியும் கதையை, அழிபவர் பார்வையில் சொன்ன நாவல் அது. பேங்க்ஸ் அதனை ஒரு நாட்டார் கதையாக மாற்றுகிறார். கொம்பும் வாலும் உடைய ஓர் உயிர், சலிப்புற்றுத் தன் பொன்னகரை எவருக்கும் சொல்லாமல் நீங்குகிறது. மனிதரிடம் வந்து வேடிக்கைப் பொருளாகக் கூண்டில் அடைபடுகிறது. துள்ளும் மெட்டு கேட்பவரைச் சிரிக்க வைக்கிறது, கதை சிரிப்புக்குரியதன்று.

'என்டாங்கில்ட்' மருத்துவமனை உறக்கத்தின் தாலாட்டு. ஹேக்கெட்டும் பேங்க்ஸும் இயற்றியது. மென்மையான கிட்டார் இழைகளின் மேல் மனம் மெல்லத் தன் பிடியை இழக்கிறது. முடிவில் நோயாளியின் கைக்குக் கட்டணச் சீட்டு வருகிறது. அந்தக் குறும்புக்குப் பின் சொற்கள் ஓய்ந்து, கீபோர்டின் நெடிய இசை மட்டும் எழுந்து சென்று மறைகிறது. 'ரிப்பிள்ஸ்' முதுமையைப் பற்றியது. நீரில் தன் முகம் காணும் பெண்ணும், அலை கலைத்த பிம்பம் மீளாமையும் அதன் பொருள். 'மேட் மேன் மூன்' எங்கிருப்பினும் வேறிடத்துக்கு ஏங்கும் மனத்தைப் பாலைவனப் படிமங்களால் சொல்கிறது. 'ராபரி, அசால்ட் அண்ட் பேட்டரி' ஒரு திருடனின் கதை. லண்டன் தெருப் பேச்சில் காலின்ஸ் பாத்திரங்களாக மாறி மாறிப் பாடுகிறார். அந்தப் பழைய நாடகச் சிறுவனை இங்கே இனங்காணலாம்.

இறுதியாக 'லாஸ் எண்டோஸ்'. ஏறத்தாழ முழுவதும் வாத்திய இசையே. காலின்ஸ் அக்காலத்தில் 'பிராண்ட் எக்ஸ்' என்னும் ஜாஸ் கலப்பு இசைக்குழுவிலும் வாசித்துவந்தார். அந்த வேகம் இதில் தெரிகிறது. முற்பகுதியில் கேட்ட 'டான்ஸ் ஆன் எ வால்கேனோ', 'ஸ்குவாங்க்' இரண்டின் இசையும் உருமாறித் திரும்பி வருகின்றன. ஒலி தேயத் தொடங்கும் வேளையில், தொலைவிலிருந்து வருவதுபோல் காலின்ஸின் குரல் இரண்டு வரிகளைப் பாடிவிட்டு மறைகிறது. அவை இத்தட்டுக்கு உரியவை அல்ல. 'ஃபாக்ஸ்ட்ராட்' தட்டில் இருபது நிமிடத்துக்கு மேல் நீளும் 'சப்பர்ஸ் ரெடி' என்னும் படைப்பின் இறுதிப் பகுதியில் கேப்ரியல் பாடிய வரிகள். பிரிந்து சென்ற நண்பருக்கு மற்றவர்கள் அனுப்பிய வணக்கம் அது. வாழ்த்துரை இல்லை, பெயர் இல்லை, விளக்கம் இல்லை. பழைய தட்டை அறிந்தவர் செவிக்கு மட்டும் அது எட்டும்.

தனித்தனிப் பெயர்கள்

இத்தட்டில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஒவ்வொரு பாடலின் கீழும் இயற்றியவர் பெயர் முதன்முறையாகத் தனித்தனியே அச்சிடப்பட்டது. பாடகர் போனபின் பாடல்கள் எங்கிருந்து வரும் என்று ஐயுற்ற உலகுக்கு, அவை முன்னரும் எங்கிருந்து வந்தன என்பதை உணர்த்த இதைவிட எளிய வழி இல்லை. எட்டுப் பாடல்களிலும் பேங்க்ஸின் பெயர் இருந்தது; அவற்றுள் இரண்டு அவர் ஒருவரே இயற்றியவை. ரதர்ஃபோர்டின் பெயர் நான்கில் இருந்தது. ஹேக்கெட், காலின்ஸ் இருவர் பெயரும் மும்மூன்றில். பாடும் புதிய பாடகருக்கு இயற்றுவதில் கிடைத்த பங்கு மிகச் சிறியது என்பதும் இக்கணக்கில் தெரியவரும். மேடையில் முன்நிற்பவரே எல்லாவற்றையும் படைப்பவர் என்னும் மயக்கத்தை அந்தச் சிறிய எழுத்துகள் கலைத்தன.

ஆனால் எண்ணிக்கை தொடங்கிவிட்டால் அது அங்கேயே நிற்பதில்லை. யாருடையது எது என்று வெளியுலகுக்குச் சொன்ன தாள், யாருக்கு எவ்வளவு என்று உள்ளேயும் கேட்க வைத்தது. 1976 டிசம்பரில் வெளிவந்த அடுத்த இசைத்தட்டான 'விண்ட் அண்ட் வதரிங்'கில் தம் படைப்புகளுக்குப் போதிய இடம் இல்லை என்று ஹேக்கெட் வருந்தினார். குழு ஏற்காத அவருடைய ஓர் இசைத்துண்டு பின்னர் அவரது தனித்தட்டுக்கே தலைப்பாயிற்று. 1977-இல் அவரும் விலகினார். எஞ்சிய மூவரும் 1978-இல் வெளியிட்ட தட்டுக்கு, பின்னர் மூவர் எஞ்சினர் என்னும் பொருள்படவே பெயரிட்டனர். கேப்ரியலின் பிரிவைத் தாண்டிய குழு, அந்தத் தாண்டலுக்குக் கையாண்ட வழியாலேயே இன்னொருவரை இழந்தது என்று கூற இடமுண்டு.

1983-இல் மூவரும் மீண்டும் ஓர் அறையில் கூடி, எவரும் எதையும் முன்கூட்டி எழுதிவராமல், சேர்ந்து வாசித்தே ஒரு தட்டை உருவாக்கினர். அதன் பாடல்கள் அனைத்தின் கீழும் மூவர் பெயரும் அச்சாயின. பொதுக் கையொப்பம் திரும்பி வந்தது. இம்முறை அது எதையும் மறைக்கவில்லை. உண்மையாகவே மூவரும் சேர்ந்து செய்தது. 1970-களின் தொடக்கத்தில் ஓர் ஏற்பாடாக இருந்தது அப்போது ஒரு வேலைமுறையாக மாறியிருந்தது. அந்த இசை முந்தைய நெடுங்கவிதைத் தன்மையை இழந்து எளிய பாட்டாயிற்று என்று வருந்தும் பழைய இரசிகர்கள் உண்டு. அவர்கள் வருத்தத்திலும் நியாயம் உண்டு.

பெற்றதும் இழந்ததும்

புதிய தட்டை மேடையேற்ற வேண்டிவந்தபோது, பாடும் காலின்ஸுக்குப் பின்னால் டிரம்ஸ் வாசிக்க ஒருவர் தேவைப்பட்டார். யெஸ், கிங் கிரிம்சன் இரண்டிலும் வாசித்துப் புகழ்பெற்ற பில் புரூஃபோர்டு 1976-ஆம் ஆண்டுப் பயணத்துக்கு இசைந்தார். அவ்வாண்டு மார்ச் 26-ஆம் நாள் கனடாவின் ஆன்டாரியோ மாநிலத்தில் உள்ள லண்டன் என்னும் ஊரில் முதல் நிகழ்ச்சி நடந்தது. பாடுவதைவிடப் பாடல்களுக்கு இடையே பேசவேண்டியிருப்பதே காலின்ஸை அச்சுறுத்தியது. அவர் வேடம் அணியவில்லை, நகைச்சுவையை நாடினார். வாத்திய இசை நீளும் இடங்களில் தம் பழைய இருக்கைக்குச் சென்று புரூஃபோர்டோடு சேர்ந்து டிரம்ஸ் வாசித்தார். முன்னும் பின்னும் ஒருவரே சென்றுவரும் அக்காட்சியில், முன்நிற்பது உரிமையன்று, ஒரு வேலை என்பது எவர்க்கும் புலப்பட்டிருக்கும்.

இழப்பையும் சொல்லியாக வேண்டும். 'வாலின் தந்திர'த்தின் சொற்களில் அழகு உண்டு. கேப்ரியலின் கடி இல்லை. தம் காலத்து இங்கிலாந்தை நோக்கிய எள்ளல் மறைந்து, தேவதைக் கதைகளும் கனவுகளும் அவ்விடத்தை நிரப்பின. இசை முன்னிலும் தெளிவாக ஒலித்தது. சொல் சற்றுப் பின்னால் நின்றது. நால்வர் நன்றாகவே செய்தனர் என்பது உண்மை. ஐவர் செய்ததை நால்வரால் செய்ய இயலவில்லை என்பதும் உண்மை. அவர்கள் வேறொன்றைச் செய்தனர். ஒரு குழு உறுப்பினரை இழந்தபின் முன்போலவே இருக்கிறது என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அவ்வாறு இருக்கத் தேவையில்லை என்பதைக் காட்டியதே இத்தட்டின் வலிமை. விலகிய கேப்ரியலும் தேய்ந்துவிடவில்லை. 1977-இல் முதல் தனித்தட்டை வெளியிட்டுத் தமக்கென ஒரு பாதையை அமைத்துக்கொண்டார். 1982 அக்டோபரில், அவர் தொடங்கிய 'வோமாட்' இசைவிழா கடனில் மூழ்கியபோது, பழைய தோழர்கள் மில்டன் கீன்ஸ் நகரில் ஒரே ஒரு மாலை அவரோடு மேடையேறி அக்கடனைத் தீர்க்கத் துணை நின்றனர்.

2022-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் ஜெனிசிஸ் தன் இறுதி நிகழ்ச்சியை நடத்தியது. ஊர் இங்கிலாந்தின் லண்டன். கனடாவின் லண்டனில் காலின்ஸ் முதன்முதலாக முன்நின்ற நாளிலிருந்து சரியாக நாற்பத்தாறு ஆண்டுகள். உடல் நலிந்திருந்த அவர் நாற்காலியில் அமர்ந்து பாடினார். டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய மகன். கேப்ரியல் அவையில் இருந்தார். அன்று கடைசியாகப் பாடப்பட்ட பாடல் 'தி கார்பெட் கிராலர்ஸ்'. 1974-இல், இசையும் சொல்லும் தனித்தனி அறைகளில் பிறந்த அந்த இரட்டைத் தட்டில் உள்ளது. கேப்ரியல் எழுதிய சொற்களைக் காலின்ஸ் பாட, எழுதியவர் அவையிலிருந்து கேட்டார்.